வரைபடத்தில் நான்கு, மண்ணில் இரண்டு

31 ஆண்டுகள் வரைபட மேசையில் குனிந்தே இருந்தவள் நான். பழைய கட்டடங்களை அளந்து படம் வரைவதுதான் வேலை. டேப்பின் ஒரு முனையை உதவியாளர் பிடிப்பார், மறுமுனையை நான் பிடிப்பேன். தூணுக்குத் தூண், சுவருக்குச் சுவர் அளந்து குறித்துக்கொண்டு அலுவலகம் திரும்பி, டிரேசிங் தாளில் மையால் வரைவேன். ஓய்வு பெற்ற பின்பும் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அதன் தரைப்படம்தான் மனத்தில் விரிகிறது. அழகெல்லாம் அதற்குப் பிறகுதான் கண்ணில் படுகிறது.

அதனால்தான் இங்கிலாந்தில் மகள் வீட்டில் தங்கியிருந்த இரண்டு மாதங்களில் லண்டனைக்கூட இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம், கெடில்ஸ்டன் ஹாலுக்கு மட்டும் என்னை அழைத்துப் போ என்று பிடிவாதம் பிடித்தேன். மகளுக்கு அந்தப் பெயரே புதிது. டெர்பி நகரின் வடமேற்கே, ஊருக்கு வெளியே, ஆட்டுமந்தைகள் மேயும் பெரிய பூங்காவுக்கு நடுவில் இருக்கும் மாளிகை அது. எனக்கு அந்தப் பெயர் அறிமுகமானது கல்கத்தாவில்.

பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சிக்காகக் கல்கத்தா போயிருந்தோம். ராஜ்பவனின் இரும்புக் கதவுக்கு வெளியே நின்றபடி எங்கள் மூத்த வரைவாளர் தன் குறிப்பேட்டில் அதன் தரைப்படத்தை வரைந்து காட்டினார். நடுவில் ஒரு பெரிய மாளிகை. அதன் நான்கு மூலைகளிலிருந்தும் வளைந்து நீளும் நடைகள். ஒவ்வொரு நடையின் முடிவிலும் ஒரு பக்கமாளிகை. மேலிருந்து பார்த்தால் நான்கு கைகளையும் விரித்து வைத்ததுபோல் இருக்கும். வெல்லெஸ்லி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது 1799இல் தொடங்கி 1803இல் முடித்த கட்டடம். வடிவமைத்தவர் சார்லஸ் வயட். "இதன் தாய்வீடு இங்கிலாந்தில் இருக்கிறது. கெடில்ஸ்டன் என்று பெயர். ஆனால் தாய்க்கு இரண்டு கைதான்" என்றார் அவர். அந்தச் சொல் என்னை விடவே இல்லை.

போய்ப் பார்த்தபோது அது உண்மைதான் என்று தெரிந்தது. வடக்கு வாசலில் நின்றால் நடு மாளிகை, அதன் இருபுறமும் வளைந்து முன்னே வரும் நடைகள், கிழக்கே ஒரு பக்கமாளிகை, மேற்கே ஒரு பக்கமாளிகை. முகப்பு மட்டும் 100 மீட்டருக்கும் மேல் நீள்கிறது. தெற்கே சுற்றிப் போனால் அந்த இரண்டு கைகளும் கிடையாது. மாளிகை புல்வெளியில் சட்டென்று முடிந்துவிடுகிறது. இந்தத் தரைப்படத்தின் மூலம் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ 16ஆம் நூற்றாண்டில் வரைந்த வில்லா மொசெனிகோ. அதில் நான்கு பக்கமாளிகைகள். ஆனால் அந்த வில்லா கட்டப்படவே இல்லை. இத்தாலியில் தாளோடு நின்றுபோன படம் டெர்பிஷயரில் பாதி எழுந்து, ஹூக்ளிக் கரையில் முழுமையாக எழுந்திருக்கிறது. ஒரு கோட்டுச்சித்திரம் 200 ஆண்டுகளுக்கும் மேல் கடல் தாண்டித் தாண்டித் தனக்கு ஒரு நிலத்தைத் தேடியதை நினைத்தால், வரைவதையே தொழிலாகக் கொண்ட எனக்குச் சிலிர்க்கிறது.

கட்டியவர் நதானியேல் கர்சன். 1758இல் தந்தை இறந்ததும் சொத்து கைக்கு வந்தது. மறுவருடமே இடிக்கவும் கட்டவும் தொடங்கிவிட்டார். 12ஆம் நூற்றாண்டிலிருந்தே கர்சன் குடும்பத்துக்கு அந்த நிலம் சொந்தம். 1700ஐ ஒட்டிக் கட்டிய நல்ல செங்கல் மாளிகை ஒன்று அங்கே நின்றது. அதை இடித்தார். வாசலுக்கு அருகே ஒரு கிராமம் இருந்தது. அதையும் பெயர்த்துத் தள்ளி வைத்தார். சாலையைக்கூட வேறு பக்கம் திருப்பினார். பழைய ஊரில் மிஞ்சியது தேவாலயம் ஒன்றுதான். மாளிகையின் மேற்குப் புறத்தில் ஒட்டிக்கொண்டதுபோல் அது இன்னும் நிற்கிறது. அந்தச் சிறிய கல் தேவாலயத்தின் முன் நெடுநேரம் நின்றேன். சுற்றிலும் வழவழவென்று புல். அடுப்பெரிந்த வீடுகள், கிணறு, வேலி, ஒன்றின் அடையாளமும் இல்லை. இன்று பாதுகாக்கப்படும் இந்த மாளிகை எழுவதற்கு, இன்றிருந்தால் பாதுகாக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு மாளிகையும் ஓர் ஊரும் போயின.

முதலில் மேத்யூ பிரெட்டிங்ஹாம், பிறகு ஜேம்ஸ் பெய்ன், கடைசியில் ராபர்ட் ஆடம் என்று அடுத்தடுத்து மூன்று பேர் இந்த மாளிகையை வரைந்தார்கள். ஆடம் ரோமில் படித்துவிட்டு 1758இல்தான் நாடு திரும்பியிருந்தார். முதலில் அவருக்குக் கொடுத்தது தோட்டத்துக் கட்டடங்களை மட்டும். 1760இல் முழு வேலையும் அவர் கைக்கு வந்துவிட்டது. அப்போது வயது 32கூட நிறையவில்லை. ஆறு கொரிந்தியத் தூண்கள் தாங்கும் வடக்கு முகமண்டபத்தில் பெய்னின் கை தெரிகிறது. அடக்கமான, எதிர்பார்த்த அழகு. தெற்கு முகப்பு முழுக்க ஆடமுடையது. ரோமில் கான்ஸ்டன்டைன் பேரரசரின் வெற்றி வளைவைக் கண்டு வந்தவர், அதையே ஒரு வீட்டின் சுவராக நிறுத்திவிட்டார். முன்தள்ளிய நான்கு தூண்கள், மேலே சிலைகள், பின்னால் தாழ்வான கவிமாடம், வளைந்திறங்கும் படிக்கட்டு. உச்சியில் லத்தீனில் 1765 என்ற ஆண்டோடு ஒரு வாசகம்: நண்பர்களுக்கும் தனக்கும் கட்டியது என்று பொருள்.

தரைத்தளம் சொரசொரப்பான கல்லாலான கீழ்க்கட்டு. விருந்தினருக்கான தளம் அதற்கு மேலே. படியேறிக் கதவைத் தாண்டியதும் பளிங்கு மண்டபம். நான் பார்த்த மண்டபங்கள் கொஞ்சமல்ல. ஆனாலும் இதற்குள் காலை வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. 20 தூண்கள், ஒவ்வொன்றும் 25 அடி உயரம், வெளிர் நிறத்தில் ரோஜாவும் பழுப்புமாக நரம்போடும் அலபாஸ்டர். தூண் நெடுகக் காடிகள் இழைத்திருக்கிறார்கள். ஒளி கூரையின் கண்ணாடி வழியே மேலிருந்து மட்டும் இறங்குகிறது. நம் கோயில் மண்டபங்களில் வெளிச்சம் பக்கவாட்டில் நுழைந்து உள்ளே போகப் போக மங்கும்; அந்த மங்கலில்தான் கருவறை தொடங்கும். இங்கே வாசலை ஒட்டிய இடமே வீட்டின் மையம்போல் ஒளிர்கிறது. ரோமானிய வீடுகளின் முற்றத்தைத்தான் ஆடம் நினைத்திருக்கிறார். மழை பெய்யும் குளிர்நாட்டில் முற்றத்தைத் திறந்து வைக்க முடியாது. ஆகவே கண்ணாடியால் மூடிவிட்டார்.

அலபாஸ்டர் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பார்க்கப் பளிங்குபோல் இருந்தாலும் அது மிக மென்மையான கல், ஜிப்சத்தின் ஒரு வடிவம். நகத்தால் கீறினாலே தடம் விழும். நீரில் மெல்லக் கரையும் என்பதால் மழைபடும் இடத்தில் நிறுத்த முடியாது. இந்தத் தூண்களுக்கான கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவரவில்லை. பக்கத்து நாட்டிங்ஹாம்ஷயரில் வெட்டி எடுத்தார்கள். ரோமின் வடிவத்தை உள்ளூர் மண்ணால் செய்ததை நினைக்கும்போது எனக்கு அந்தக் கல்வெட்டிகள்மேல் மரியாதை பெருகுகிறது. இவ்வளவு மென்மையான கல்லில் 25 அடிக்குக் காடி இழைக்கும்போது உளி ஒருமுறை தவறினால் அந்தத் துண்டே போய்விடும்.

மண்டபத்தைத் தாண்டினால் வட்ட அறை. ரோமின் பாந்தியன் கோயிலைப் பார்த்துச் செய்தது என்று எல்லாரும் சொல்வார்கள். குழிகள் பதித்த கவிமாடமும் உச்சியின் வட்டத் திறப்பும் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் அளவு வேறு. பாந்தியனில் விட்டமும் உயரமும் ஒன்று. உள்ளே ஒரு முழு உருண்டையை வைத்துவிடலாம். இங்கே விட்டம் 42 அடி, உயரம் 62 அடி. உருண்டையை மேல்நோக்கி இழுத்ததுபோல் அறை எழும்புகிறது. மனிதர்கள் நடமாடும் வீட்டுக்கு அந்த உருண்டை பொருந்தாது, கண் மேலே போக வேண்டும் என்று ஆடம் உணர்ந்திருக்க வேண்டும். சுவர்க்குழிகளில் பலிபீடம்போல் நிற்பவை உண்மையில் குளிர்காய்வதற்கான இரும்பு அடுப்புகள்.

மற்ற அறைகளை நான் விரைவாகத்தான் கடந்தேன். இசை அறை, நூலகம், நீலப் பட்டு விரித்த வரவேற்பறை. அங்கே கடல்கன்னியரும் கடல்மனிதரும் தாங்கும் பொன்முலாம் பூசிய சோபாக்கள். படுக்கையறையில் பனைமர வடிவில் செதுக்கிய கட்டில் கால்கள். வேர் தரையில், ஓலை விதானத்தில். பேத்திக்கு மிகவும் பிடித்தது அதுதான். சமையற்கட்டு மேற்குப் பக்கமாளிகையில் இருக்கிறது. அதன் கணப்புக்கு மேலே "வீணாக்காதே, குறை வராது" என்று பொறித்திருக்கிறார்கள். அங்கிருந்து விருந்து மேசைக்கு உணவு அந்த வளைந்த நடை முழுவதையும் கடந்து வர வேண்டும். குடும்பம் வசித்தது கிழக்குப் பக்கமாளிகையில். நடு மாளிகை பிறர் வந்து பார்ப்பதற்கென்றே கட்டியது. 1777இல் வந்து பார்த்த ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன், நகர மன்றத்துக்கு இது நன்றாகப் பொருந்தும் என்றாராம். அந்த நாளிலேயே வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டியவர் வீட்டு மேலாளர் திருமதி கார்னெட். கையில் வழிகாட்டிப் புத்தகத்தோடு அவர் நிற்கும் ஓவியம் இங்கே இருக்கிறது. பிரபுக்களின் படங்களுக்கு நடுவே ஒரு பணிப்பெண்ணின் முகத்தை இத்தனை கவனமாக வரைந்து வைத்த வீடுகள் அரிது. அந்த ஓவியத்துக்காகவே இந்த வீட்டை எனக்குப் பிடிக்கும்.

இனி நான் எழுத வந்த இடத்துக்கு வருகிறேன். 1859 ஜனவரி 11 அன்று இந்த வீட்டில் பிறந்தவர்தான் ஜார்ஜ் நதானியேல் கர்சன். 1899இல் வைஸ்ராயாகக் கல்கத்தா வந்து, தான் பிறந்த வீட்டின் சாயலில் கட்டிய மாளிகையிலேயே குடியேறினார். வங்கத்தை 1905இல் இரண்டாக வெட்டியவர் அவர். அந்தக் காயத்தை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் என் வேலை, என் ஓய்வூதியம், நான் வரைந்த ஒவ்வொரு படம், எல்லாவற்றுக்கும் பின்னால் அவர் கொண்டுவந்த ஒரு சட்டம் இருக்கிறது: 1904ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம். 1902இல் ஜான் மார்ஷலைத் தலைமைக்குக் கொண்டுவந்து தொல்லியல் துறையை மறுபடி எழுப்பினார். சுதந்திர இந்தியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வேரிலிருந்து கிளைத்ததுதான். ஒரே மனிதர்மேல் கோபமும் நன்றியும் சேர்ந்து இருப்பதை நான் சமாதானப்படுத்திக்கொள்ள முயன்று பார்த்தேன். முடியவில்லை. இரண்டும் என்னிடம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இங்கிலாந்து திரும்பிய பிறகும் கர்சன் இந்தப் பாதுகாப்பு வேலையை விடவில்லை. லிங்கன்ஷயரில் டாட்டர்ஷால் என்ற 15ஆம் நூற்றாண்டுச் செங்கல் கோட்டையின் கணப்பு முகப்புகளை வியாபாரிகள் பெயர்த்து விற்பனைக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். 1911இல் கர்சன் அந்தக் கோட்டையை வாங்கி, பெயர்த்தவற்றைத் தேடிப் பிடித்து மீண்டும் பதித்தார். இதன் தொடர்ச்சியாகத்தான் 1913இல் பிரிட்டனிலும் வலுவான தொன்மைச் சின்னச் சட்டம் வந்தது. இந்தியாவுக்கு முன்னால் செய்ததைத் தன் நாட்டுக்குப் பின்னால் செய்தார். ஆனால் அந்தச் சட்டம் மக்கள் குடியிருக்கும் வீடுகளைத் தொடவில்லை. ஆகவே அவர் பிறந்த வீடு அதன் எல்லைக்கு வெளியேதான் இருந்தது.

அதன் விளைவு கொடியது. வாரிசு வரி ஏற ஏற, வேலையாட்கள் குறையக் குறைய, 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைகள் ஆயிரத்துக்கும் மேல் இடிந்து மறைந்தன. கட்டடங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிட்டுக் காக்கும் முறை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நிலைபெற்றது. கெடில்ஸ்டன் இன்று முதல் தரத்தில் இருக்கிறது. பட்டியலில் உள்ளவற்றில் ஏறத்தாழ 2.5 சதவீதத்துக்குத்தான் அந்தத் தகுதி. அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றுவது குற்றம். ஆயினும் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் கூரை ஒழுகாமல் இருந்துவிடாது. 1977இல் அன்றைய பிரபு இறந்தபோது வந்த வரியைக் கட்டக் குடும்பத்தால் இயலவில்லை. நீண்ட பேச்சுக்குப் பிறகு 1987இல் தேசிய மரபு நிதியின் உதவியோடு மாளிகை நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கைக்குப் போனது. ஒரு பகுதியில் வசிக்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. "கர்சன் வைத்திருந்ததைக் கர்சனே வைத்திருக்கட்டும்" என்பது அந்தக் குலத்தின் முத்திரை வாசகம்.

வெளியே முகமண்டபத்தில் நின்று பூங்காவைப் பார்த்தேன். ஓடையைத் தேக்கி ஏரிகளாக்கி, ஆடம் வரைந்த பாலத்தை மேலே போட்டிருக்கிறார்கள். நகரம் எங்கும் தெரியவில்லை. அது தெரியாமலிருக்க வேண்டும் என்றே மரங்களை வரிசையாக நட்டு வளர்த்திருக்கிறார்கள். அந்த மரங்களுக்கு அப்பால், டெர்பி ஓரத்து வயல் ஒன்றில் 400 வீடுகள் கட்ட அனுமதி கேட்டார்கள். உள்ளாட்சி மறுத்தது. 2016இல் திட்ட ஆய்வாளர் அனுமதித்தார். 2017இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை மீட்டுக் கொடுத்தது. மாளிகையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வயல், ஒரு காலத்தில் அதே பண்ணையின் நிலமாக இருந்த வயல், மாளிகையின் சூழலில் சேருமா என்பதுதான் வழக்கின் உயிர்.

எனக்கு இது மிக நெருக்கமான கேள்வி. 1992இல் நம் நாட்டில் அறிவிக்கை வந்தபோது, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குக் கட்டடம் கட்டத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று வகுத்தார்கள். 2010இல் அதுவே திருத்தச் சட்டத்தில் ஏறியது. அந்தக் கோடுகளை எத்தனையோ படங்களில் என் கையாலேயே போட்டிருக்கிறேன். ஒரு குடும்பத்தின் திண்ணை 98ஆவது மீட்டரில் இருக்கும். பக்கத்து வீடு 101இல் இருக்கும். கோட்டைப் போட்டுவிட்டு இரவில் தூக்கம் வராமல் கிடந்த நாட்கள் உண்டு. மீட்டர் கணக்கே இல்லாமல் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே வாதாடும் இங்கிலாந்தின் வழி முதலில் எனக்கு மேலானதாகத் தோன்றியது. ஆனால் அந்த வழியில் ஒரு வயலுக்கு இரண்டு ஆண்டு வழக்காட வசதி வேண்டும். எளியவருக்கு நம் கோடே மேல் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

கடைசியாகக் கீழ்த்தளத்து அருங்காட்சியகம். கர்சன் கீழை நாடுகளிலிருந்து கொண்டுவந்த வெள்ளி, தந்தம், ஆயுதம், துணி. அவற்றின் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் மனைவி மேரியின் மயில் உடை. 1903 ஜனவரியில் டெல்லி தர்பாரின்போது செங்கோட்டையில் நடந்த நடன விருந்தில் உடுத்தியது. மயிலாசனம் இருந்து பறிபோன அதே கோட்டை. டெல்லி ஜர்தோசிக் கலைஞர்கள் பொன், வெள்ளி இழைகளால் மயிலிறகை மயிலிறகின்மேல் அடுக்கித் துணி முழுவதையும் நிறைத்தார்கள். அந்தத் துணி பாரிஸ் போய் வொர்த் நிறுவனத்தில் உடையானது. ஒவ்வோர் இறகின் கண்ணிலும் ஒரு பச்சை மின்னுகிறது. பேத்தி அதை மரகதம் என்றாள்.

"மரகதம் இல்லை கண்ணே, வண்டின் இறக்கை ஓடு" என்றேன்.

அவள் நம்பவில்லை. என் சிறுவயதில் மழைக்குப் பிறகு கருவேல மரத்தில் பொன்வண்டு பிடிப்போம். தீப்பெட்டியில் இலை போட்டு வைத்துக் காலையில் முட்டையிட்டிருக்கிறதா என்று பார்ப்போம். அது இறந்த பிறகும் ஓடு மட்டும் ஆண்டுக்கணக்கில் மினுங்கும், சாயம் போகாது என்று சொன்னேன். துணியின் தங்கம்கூட மங்கியிருந்தது. பொன்வண்டின் பச்சை மட்டும் நேற்றுப் பிடித்ததுபோல் இருந்தது. தைத்தவர்கள் யார் என்று விளக்கப் பலகையில் தேடினேன். டெல்லிக் கைவினைஞர்கள் என்று எழுதியிருந்தது.

"எத்தனை வண்டு அம்மாச்சி?" என்றாள் பேத்தி.

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் கண்ணாடியை ஒட்டி நின்று விரலால் எண்ணத் தொடங்கினாள். நாற்பத்துச் சொச்சத்தில் கணக்குத் தவறிவிட்டது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.